ஆயில் பம்ப்: பெருசா மாட்டினா போதுமா பாஸ்?

உலகத்தில் ஒன்றரைக் கோடி கார்கள் ஆயில் பம்ப்பே இல்லாமல் ஓடியிருக்கின்றன. நம்ப முடியுதா? ஃபோர்டு மாடல் டி! 1908-ல் ஆரம்பித்து 1927 வரை வந்த வண்டி. இன்ஜினுக்குப் பின்னால் சுற்றுகிற ஃப்ளைவீல், அடியில் தேங்கியிருக்கிற ஆயிலை அள்ளி மேலே விசிறும். அதில் கொஞ்சம் ஒரு சின்னப் புனலில் விழும். அங்கிருந்து ஒரு குழாய் வழியாகத் தானாகவே முன்பக்கம் இறங்கும். மிச்ச வேலையை கனெக்டிங் ராடுகள் பார்த்துக்கொள்ளும். குட்டையில் இறங்கின எருமை மாதிரி அடித்துத் தெறிக்கவிடும். அவ்வளவுதான் லூப்ரிகேஷன். பிரஷர் கிடையாது, கேஜ் கிடையாது, டென்ஷனும் கிடையாது!

அந்த மாடல் டி-யின் தயாரிப்பு சாதனையை 1972 பிப்ரவரி 17-ம் தேதி இன்னொரு கார் முறியடித்தது. 1,50,07,034-வது வண்டியாக ஜெர்மனியில் வெளியே வந்த அந்தக் கார்... ஆமா, நீங்க நினைக்கிறதேதான், ஃபோக்ஸ்வாகன் பீட்டில். 2003 ஜூலையில் மெக்ஸிகோவின் பியூப்லா ஃபேக்டரியிலிருந்து கடைசி பீட்டில் உருண்டு வந்தபோது மொத்தக் கணக்கு 2,15,29,464. இதில் ஆயில் பம்ப் உண்டு. உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். இந்த வாரம் நம்ம ஹீரோ அந்தக் குட்டிப் பம்ப்தான்.

எதுக்கு திடீர்னு பம்ப் புராணம்னு கேட்கறீங்களா? பழைய கார் இன்ஜினைப் பிரிக்கிற எல்லோருக்கும் முதலில் வருகிற ஆசை இது. ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து பாகங்கள் கேட்டலாக்கைப் புரட்டினால் 'ஹெவி டியூட்டி', 'ஹை வால்யூம்', 'ஹை பிரஷர்' என்று கண்ணைப் பறிக்கிற பெயர்களாக இருக்கும். விலையும் மத்த சாமான்களோடு ஒப்பிட்டால் கம்மி. 'பெருசா ஒண்ணு மாட்டிட்டா இன்ஜின் நூறு வருஷம் ஓடும்டா மச்சி' என்று பக்கத்து பெட் நண்பன் ஏற்றிவிடுவான். இந்த ஆசை எத்தனையோ நல்ல இன்ஜின்களைக் காலி பண்ணியிருக்கிறது. உங்க கையில் இருப்பது தாத்தாவின் கார் என்றால், அதன் பிளாக் மறுபடி கிடைக்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்லப் போறேன். பொறுமையா வாங்க.

(ஒரு சின்ன ஓரக்குறிப்பு: பழைய காரை எல்லாம் நாம் 'வின்டேஜ்' என்கிறோம். பிரிட்டிஷ்காரர்கள் இதில் கறார் பேர்வழிகள். 1919 முதல் 1930 வரை செய்ததுதான் வின்டேஜ், பிறகு வந்ததெல்லாம் வேற ஜாதி என்பார்கள். அந்தக் கணக்கில் பீட்டிலுக்கு உள்ளே அனுமதியே இல்லை. நாம அவ்வளவு கறார் காட்ட வேணாம்.)

பம்ப் பிரஷரை உண்டாக்காது!

முதல் அதிர்ச்சி இதுதான். ஆயில் பம்ப் செய்வது ஒரே வேலை, ஆயிலைத் தள்ளுவது. ஒரு சுற்றுக்கு இத்தனை என்று அளந்து தள்ளும். தள்ளின ஆயில் வெளியேற வழி குறுகலாக இருந்தால் பிரஷர் ஏறும். வழி அகலமாக இருந்தால் இறங்கும். தோட்டத்துக் குழாயில் தண்ணீர் விடும்போது வாயைக் கட்டைவிரலால் அமுக்கினால் பீய்ச்சி அடிக்குமே, அதேதான். மோட்டார் மாறவில்லை, விரல்தான் மாறியது.

இன்ஜினில் அந்தக் கட்டைவிரல் எது? பேரிங்! கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கிற இடைவெளி. இதை நம்ம லேத் பட்டறை அண்ணன்கள் 'தவ்' கணக்கில் சொல்வார்கள். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ். நல்ல நிலையில் இருக்கிற ஒரு பேரிங்கில் 2 தவ் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்து 3 தவ் ஆகிவிட்டது. ஒரு தவ்தானே, என்ன பெரிய விஷயம்?

இங்கேதான் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் நீங்கள் தூங்கின அந்த ஒரு பீரியட் குறுக்கே வருகிறது. ஒல்லியான இடைவெளி வழியாகக் கசிகிற ஆயிலின் அளவு, அந்த இடைவெளியின் கனத்துக்கு, அதாவது மூன்றாவது அடுக்குக்கு ஏற்ப மாறும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. 2 தவ் 3 தவ் ஆனால், அதாவது ஒன்றரை மடங்கானால், கசிவு 3.4 மடங்கு! அதே பிரஷரைக் கொடுக்க 3.4 மடங்கு ஆயில் வேண்டும்.

இப்போ கேட்டலாக்கைத் திறங்க. பீட்டிலின் கடைசிக் கால 1600 சி.சி. இன்ஜின்களில் கம்பெனியே வைத்த பம்ப்பின் கியர் நீளம் 26 மில்லி மீட்டர். 'ஹெவி டியூட்டி' என்று விற்கிற பம்ப்பில் 30 மில்லி மீட்டர். மற்ற அளவுகள் அதேதான் என்றால் கூடுதலாகக் கிடைப்பது எவ்வளவு? 30-ஐ 26-ஆல் வகுத்துப் பாருங்க... வெறும் 15 சதவிகிதம். ஒரு பக்கம் 240 சதவிகிதம் கூடுதல் ஓட்டை, இன்னொரு பக்கம் 15 சதவிகிதம் கூடுதல் ஊற்று. ஓட்டைக் குடத்துக்குப் பெரிய சொம்பு வாங்கின கதைதான்.

இன்னொரு விஷயமும் இருக்கு. பேரிங்கில் ஷாஃப்ட்டைத் தூக்கிப் பிடிப்பது பம்ப்பின் பிரஷர் இல்லை. ஷாஃப்ட் சுற்றும்போது ஆயிலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய் ஒரு குறுகலான ஆப்புக்குள் திணிக்கும். அங்கே உருவாகிற பிரஷர் ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. வரை போகும். பம்ப் கொடுப்பதோ வெறும் 40, 50 பி.எஸ்.ஐ.! மழை பெய்த ஹைவேயில் வேகமாகப் போனால் டயர் ரோட்டைத் தொடாமல் தண்ணீர் மேலே மிதக்கும், இல்லையா? அங்கே ஆபத்து, இங்கே அதுதான் உயிர். பம்ப்பின் வேலை இரண்டுதான். கசிந்து போன ஆயிலுக்குப் பதில் புது ஆயில் கொடுப்பது, போகிற ஆயிலோடு சூட்டையும் வெளியே அனுப்புவது. இதற்கு எவ்வளவு பிரஷர் வேண்டும்? அமெரிக்க ஹாட் ராட் ஆசாமிகள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 1,000 ஆர்.பி.எம்-முக்கு 10 பி.எஸ்.ஐ. அதாவது 4,000 சுற்றில் 40 இருந்தால் போதும். அதுக்கு மேலே ஏற்றுவதெல்லாம் பெரும்பாலும் நம்ம மனத் திருப்திக்குத்தான்.

ரெண்டு ஜாதி பம்ப்

பழைய கார்களில் அதிகமாகப் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று, கியர் பம்ப். பல்லோடு பல் கோத்து இரண்டு கியர் சுற்றும். ஆயில் நடுவில் புகுந்து போகும் என்று பாதிப் பேர் படம் போடுவார்கள். தப்பு! பல் இடுக்கில் உட்கார்ந்துகொண்டு வெளிச் சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகும். நடுவில் பல் கோத்துக்கொள்வதால் திரும்பி வர வழி இல்லை. வைவாவில் இதைச் சரியாகச் சொன்னால் எக்ஸ்டெர்னல் நிமிர்ந்து உட்காருவார். பீட்டில், அமெரிக்காவின் செவர்லே ஸ்மால் பிளாக் வி-8 இரண்டும் இந்த வகை.

இரண்டாவது, ரோட்டார் பம்ப். ஒரு ரோட்டாருக்குள் இன்னொரு ரோட்டார். உள்ளே இருப்பதற்கு வெளியே இருப்பதைவிட ஒரு மடல் குறைச்சல். இரண்டும் மையம் விலகிச் சுற்றும்போது இடைவெளி பெரிதாகி ஆயிலை உறிஞ்சும், சிறிதாகித் துப்பும். பி.எம்.சி. 'பி' சீரிஸ் இன்ஜினில் இதைப் பார்க்கலாம். யார் அதுன்னு முழிக்காதீங்க. நம்ம அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் அந்தக் குடும்பம்தான். பிரிட்டனின் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் இருப்பது அதன் 1798 சி.சி. அண்ணன். கல்யாண மண்டப வாசலில் நின்ற அம்பாசடரும், இங்கிலாந்து ரேஸ் டிராக்கில் பறந்த எம்.ஜி.பி-யும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்!

எந்த வகையாக இருந்தாலும் பம்ப்புக்கு ஒரு சாபம் உண்டு. இன்ஜினில் மற்ற எல்லா உறுப்புக்கும் ஃபில்டரில் வடிகட்டின ஆயில் போகும். பம்ப்புக்கு மட்டும் கிடையாது. ஃபில்டருக்கு முன்னால் நிற்பது அதுதானே! சம்ப்பில் இருக்கிற அழுக்கு, கேஸ்கட் துணுக்கு, இரும்புத் துகள் எல்லாம் ஒரு கம்பி வலையை மட்டும் தாண்டி நேராக அதன் வாய்க்குள் போகும். எல்லோருக்கும் பந்தி பரிமாறிவிட்டு, அடிச்சட்டியைச் சுரண்டுகிற அம்மா மாதிரி. அதனால்தான் பம்ப் தேய்கிறது.

பீட்டிலின் குட்டி ரகசியம்

இப்போ ஹீரோவிடம் வருவோம். பீட்டில் இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது, காற்றுதான். மிச்ச சூட்டைச் சுமப்பது ஆயில். அதுவும் எவ்வளவு? வெறும் இரண்டரை லிட்டர்! வடிகட்ட பேப்பர் ஃபில்டர் கிடையாது, கம்பி வலை மட்டும். கிராங்க் கேஸ் மெக்னீசியம் கலவை. சூடாக ஆக விரியும், பேரிங் இடைவெளியும் கூடவே விரியும். ஆயில் கேஜும் கிடையாது. டேஷ்போர்டில் ஒரு குட்டி விளக்கு. அது எப்போ எரியும் தெரியுமா? பிரஷர் அரை 'பார்' அளவுக்கும் கீழே போனால்தான். அதாவது, விளக்கு அணைந்திருந்தால் 'எல்லாம் சௌக்கியம்' என்று அர்த்தம் இல்லை. 'இன்னும் சாகலை' என்று அர்த்தம்!

இந்த நிலைமையில் ஒரு பழைய பீட்டில் ஐட்லிங்கில் விளக்கை மினுக்க ஆரம்பிக்கிறது. ஓனர் 30 மில்லி மீட்டர் பம்ப்பை மாட்டுகிறார். விளக்கு அணைந்துவிட்டது. பார்ட்டி! ஆனால் நடந்தது என்ன? அந்த 15 சதவிகிதம், விளக்கை அணைக்கத் தேவையான சொச்ச பிரஷரைக் கொடுத்துவிட்டது. பேரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான். காய்ச்சல்காரனுக்கு மாத்திரை கொடுக்காமல் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி. ஆறு மாசம் கழித்து நடுரோட்டில் 'டொக் டொக்' என்று ராட் தட்டும்போது கிராங்க் ஷாஃப்ட்டும் சேர்ந்து போயிருக்கும். முதல் தடவை விளக்கு மினுக்கியபோதே பிரித்திருந்தால் பேரிங் செட்டோடு முடிந்திருக்கும்.

சரி, இன்ஜின் நல்லாவே இருக்கு, அப்பவும் பெரிய பம்ப் போட்டால் என்ன கெட்டுப்போகும்? இதுதான் பீட்டிலின் ரகசியம். பம்ப்புக்குப் பக்கத்தில் ஒரு ரிலீஃப் வால்வு இருக்கிறது. ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும்போது பிரஷர் ஏறி இந்த பிஸ்டனைக் கீழே தள்ளும். அப்போது ஆயில், கூலருக்குள் போகாமல் நேரே பேரிங்குக்குப் போகும். மிஞ்சினது சம்ப்பில் விழும். ஆயில் சூடாகி இளகினதும் பிரஷர் இறங்கும், பிஸ்டன் மேலே ஏறும், எல்லா ஆயிலும் கூலர் வழியாகப் போக ஆரம்பிக்கும். தெர்மோஸ்டாட் இல்லாமலே ஒரு தெர்மோஸ்டாட் வேலை! இதை யோசித்த புண்ணியவானுக்கு ஒரு சல்யூட்.

இதில் தேவைக்கு மேல் பெரிய பம்ப்பைக் கொண்டுபோய் வைத்தால்? ஆயில் சூடான பிறகும், வேகம் ஏறும்போது பிரஷர் அதிகமாகி பிஸ்டன் மறுபடி கீழே இறங்கும். ஆயிலில் ஒரு பகுதி கூலரைத் தொடாமலே போய்விடும். ஆக, இன்ஜினைக் காப்பாற்ற மாட்டின பம்ப், ஹைவேயில் இன்ஜினை இன்னும் சூடாக்கும்! அதோடு விடிகாலைக் குளிரில் கெட்டி ஆயிலோடு ஸ்டார்ட் செய்தால் கூலரின் சீல்கள் கசிவதும், சமயத்தில் கூலரே பிளந்துகொள்வதும் உண்டு. 1970 வாக்கில் ஃபோக்ஸ்வாகன் இரண்டாவதாக ஒரு ரிலீஃப் வால்வைச் சேர்த்தது. உங்களுடையது அதற்கு முந்தைய ஒற்றை வால்வு கேஸ் என்றால், 30 மில்லி மீட்டர் பம்ப் பக்கமே போகாதீங்க.

என் கட்சி என்னவென்று கேட்டால், கம்பெனி சைஸில் இருக்கிற 1600 இன்ஜினுக்கு 26 மில்லி மீட்டர் பம்ப் தாராளம். சி.சி-யை ஏற்றி, வெளியே தனி கூலர், தனி ஃபில்டர், நீளமான ஹோஸ் எல்லாம் போட்டு ஆயில் பாதையையே மாற்றி அமைக்கிறவர்களுக்குத்தான் 30 நியாயம்.

வாங்குவதற்கு முன் இன்னொரு வம்பு. பீட்டிலின் ஆயில் பம்ப்பைச் சுற்றுவது கேம் ஷாஃப்ட்டின் நுனி. பழைய இன்ஜின்களில் கேம் கியர் தட்டையாக இருக்கும். 1970-களின் தொடக்கத்தில் அது குழிவான தட்டு மாதிரி மாறியது. பம்ப்பும் கூடவே மாறியது. தட்டைக்கு உரிய பம்ப் வேறு, குழிவுக்கு உரியது வேறு. மாற்றிப் போட்டால் ஒன்று பம்ப்பின் நாக்கு கேம்மின் பள்ளத்தில் சரியாகப் பதியாது, இல்லை கேம் கியர் பம்ப்பின் உடம்பில் உரசும். கடைக்காரர் 'எல்லாத்துக்கும் சேரும் சார்' என்றால் சிரித்துவிட்டு, பழைய பம்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டுப் பாருங்க. மாட்டின பிறகு கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று கையாலேயே சுற்றிப் பாருங்க. எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்திப் பிரிங்க.

அமெரிக்கக்காரன் கதை

ஒப்பிட இன்னொரு இன்ஜின் வேணுமே? 1955-ல் வந்த செவர்லே ஸ்மால் பிளாக் வி-8. 2011 நவம்பரில் பத்துக் கோடியாவது ஸ்மால் பிளாக் வெளியே வந்தது என்றால் அதன் புகழைப் பார்த்துக்கொள்ளுங்க. இதன் பம்ப் சம்ப்புக்குள்ளேயே ஆயிலில் முங்கிக்கொண்டு இருக்கும். ஸ்டாண்டர்ட் பம்ப்பில் கியர் 1.2 அங்குல உயரம். 'ஹை வால்யூம்' பம்ப்பில் 1.5 அங்குலம். 25 சதவிகிதம் அதிகம். 'ஹை பிரஷர்' என்பது வேறு. அங்கே கியர் அதேதான், ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் மட்டும் முரட்டு ஸ்பிரிங். இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைத்துக் காசைத் தொலைத்தவர்கள் ஏராளம். ஸ்பிரிங்கை மாற்றினால் பம்ப் ஒரு சொட்டு கூட அதிகம் தள்ளாது. திருப்பிக் கொட்டுவதை மட்டும் தாமதமாக ஆரம்பிக்கும். ஐட்லிங்கில் பிரஷர் கம்மி என்பவருக்கு அதனால் சல்லிக்காசு பிரயோஜனம் இல்லை. ஐட்லிங்கில்தான் அந்த வால்வே திறக்காதே!

இந்த இன்ஜினில் பம்ப்பைச் சுற்றுவது டிஸ்ட்ரிபியூட்டரின் அடித்தண்டு. அதைச் சுற்றுவது கேம் ஷாஃப்ட்டில் இருக்கிற ஒரு கியர். 25 சதவிகிதம் அதிக ஆயிலைத் தள்ள, அதே பிரஷரில் 25 சதவிகிதம் அதிக பலம் வேண்டும். அந்தப் பாரம் முழுக்க அந்தச் சின்ன கியர் தலையில். அது தேய்ந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் ஆட ஆரம்பிக்கும், ஸ்பார்க் நேரம் தடுமாறும். பம்ப்பை மாற்றினவன் இக்னிஷனைக் குறை சொல்லிக்கொண்டு கார்புரேட்டரைப் பிரித்துக்கொண்டிருப்பான்! ஃபோர்டின் சின்ன வி-8-களான 289, 302-ல் இன்னும் மோசம். பம்ப்பைச் சுற்றுவது கால் அங்குல அறுகோணத் தண்டு. பம்ப்புக்குள் ஒரு துணுக்கு மாட்டினால் தண்டு பட்டென்று முறியும். அடுத்த சில நொடிகளில் பேரிங் பிடித்துக்கொள்ளும். அங்கே உண்மையான அப்கிரேடு பெரிய பம்ப் இல்லை, நல்ல ஸ்டீலில் செய்த உறுதியான தண்டு. செவர்லேயிலும் அப்படியே. தண்டையும் பம்ப்பையும் இணைக்கிற பிளாஸ்டிக் வளையத்துக்குப் பதில் ஸ்டீல் வளையம் போடுவது, ஆயிலை உறிஞ்சும் குழாய் கழன்று விழாதபடி பம்ப்போடு பற்றவைப்பது... இதெல்லாம் விலை கம்மி, புண்ணியம் அதிகம். ஆனால் பார்க்கப் பளபளப்பாக இல்லாததால் யாரும் கண்டுகொள்வதில்லை.

பெரிய பம்ப்பில் வேறொரு வில்லங்கமும் உண்டு. நேரடியாக ரிலீஃப் வால்வு வழியே கொட்டுகிற ஒவ்வொரு சொட்டும், பம்ப் செலவழித்த பலத்தைச் சூடாக மாற்றிக்கொண்டுதான் கொட்டும். தேவையில்லாத ஆயிலைத் தள்ளி, திருப்பிக் கொட்டி, சூடாக்கி, மறுபடி தள்ளி... சும்மா உட்கார்ந்து மாவாட்டுவதுதான்!

சரி, என்னதான் பண்றது?

பம்ப்பை வாங்குவதற்கு முன்னாடி ஒரு மெக்கானிக்கல் ஆயில் கேஜ் வாங்குங்க. விளக்கை நம்பாதீங்க. பிரஷர் ஸ்விட்ச் இருக்கிற துளையில் அதை மாட்டி, மூன்று நேரத்தில் எழுதிக்கொள்ளுங்க. குளிர்ந்த இன்ஜினின் ஐட்லிங், அரை மணி நேரம் ஓட்டிச் சூடானதும் ஐட்லிங், சூட்டிலேயே 2,500 ஆர்.பி.எம். பீட்டிலுக்கு எஸ்.ஏ.இ. 30 ஆயிலில், 70 டிகிரி சூட்டில், 2,500 சுற்றில் சுமார் 42 பி.எஸ்.ஐ. என்பது புத்தகக் கணக்கு.

மூன்று எண்ணும் பேசும். குளிரில் பிரமாதம், சூட்டில் ஐட்லிங்கில் மட்டும் விழுகிறது என்றால் முதல் சந்தேகம் பேரிங் மேலே. பம்ப் பெரும்பாலும் நிரபராதி. குளிரிலேயே மோசம் என்றால் பம்ப், அல்லது பாதி திறந்தபடி சிக்கிக்கொண்ட ரிலீஃப் வால்வு, அல்லது உறிஞ்சுகிற பக்கம் எங்கோ காற்று நுழைகிறது. வளைவில் திரும்பும்போது மட்டும் முள் ஆடினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கிறது. அதற்கு எவ்வளவு பெரிய பம்ப் மாட்டினாலும் இன்னும் வேகமாகக் காற்றைத்தான் குடிக்கும். ஆயில் அளவைப் பாருங்க, சம்ப்பைப் பாருங்க.

ரிலீஃப் வால்வைக் கழற்றுவது சுலபமான வேலை, ஆனால் பலர் செய்வதில்லை. பிஸ்டனில் கோடு விழுந்திருக்கிறதா, அதன் துளையில் தடையில்லாமல் வழுக்குகிறதா என்று மட்டும் பாருங்க. எத்தனையோ 'பம்ப் போச்சு' கேஸ்கள் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து பம்ப்பைக் கழற்றுங்க. ஃபீலர் கேஜ், ஒரு நேரான ஸ்டீல் ஸ்கேல் போதும். பீட்டில் பம்ப்பில் கியரின் முகத்துக்கும் மூடிக்கும் நடுவே, கேஸ்கட் இல்லாமல், 0.1 மில்லி மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. எம்.ஜி.பி-யின் ஒர்க்‌ஷாப் மேனுவல் ரோட்டார் பம்ப்புக்குச் சொல்கிற எல்லை: முகத்தில் 5 தவ், மடலுக்கும் மடலுக்கும் நடுவே 6 தவ், வெளி ரோட்டாருக்கும் உடம்புக்கும் நடுவே 10 தவ். அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இதை ஒரு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் காசே செலவில்லாத அப்கிரேடு ஒளிந்திருக்கிறது! பீட்டில் பம்ப்பின் மூடியைத் திருப்பிப் பாருங்க. கியர் சுற்றிச் சுற்றி இரண்டு வட்டமாகப் பள்ளம் பறித்திருக்கும். அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் ஆயில் திரும்பி ஓடுகிறது. மூன்றாம் அடுக்குக் கணக்கு ஞாபகம் இருக்கா? முகத்தில் இடைவெளி பாதியானால் கசிவு எட்டில் ஒரு பங்கு. ஒரு தடிமனான கண்ணாடித் தட்டு, அதன் மேல் தண்ணீர் எமரி பேப்பர், கொஞ்சம் ஆயில். மூடியை எட்டு போடுகிற மாதிரி தேயுங்க, பள்ளம் மறைகிற வரை. ஒரு மணி நேர வேலை. பழைய கேஸ்கட் இருந்த தடிமனிலேயே புதுசும் போடுங்க. மனசாரத் தடிமனான கேஸ்கட்டை வெட்டிப் போட்டால் தேய்த்த புண்ணியம் எல்லாம் போச்சு. எனக்குத் தெரிந்து, பம்ப்புக்காகச் செய்கிற வேலைகளில் இதற்கு இணையாகப் பலன் தருவது வேறெதுவும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு பணம் மிஞ்சினால் பீட்டிலுக்கு அதை ஃபில்டரில் போடுங்க. வெளிவாய் வைத்த பம்ப் மூடி ஒன்று கிடைக்கும். அதிலிருந்து ஹோஸ் வழியாக ஆயில் ஒரு சாதாரண ஸ்பின்-ஆன் ஃபில்டருக்குப் போய், பிளாக்கின் மெயின் கேலரிக்குத் திரும்பும். கேலரியில் துளை போட்டு மரை வெட்ட வேண்டும் என்பதால் இன்ஜினைப் பிரித்திருக்கும்போதே செய்தால்தான் உலோகத்தூளைச் சுத்தமாகக் கழுவ முடியும். நல்ல பிரஷர் ஹோஸ் போடுங்க. எந்தத் தண்ணீர்க் குழாயையாவது மாட்டி, அது கழன்றால் இரண்டரை லிட்டரும் அரை நிமிஷத்தில் ரோட்டில்!

மாட்டுகிற அன்னைக்கு ஒரு கடைசி வேலை. காய்ந்த பம்ப் உறிஞ்சாது. கியர் இடுக்கெல்லாம் வாசலினை அப்பி நிரப்புங்க. பம்ப் சுற்ற ஆரம்பித்ததும் வெற்றிடம் உண்டாக்க அது உதவும், பிறகு ஆயிலில் கரைந்து போய்விடும். கிரீஸ் வேண்டாம், கரையாமல் போய் சந்துகளில் அடைக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, காயில் வயரை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் பத்துப் பத்து நொடியாகச் சுற்றுங்க, நடுவில் ஸ்டார்ட்டர் ஆற நேரம் கொடுங்க. கேஜ் முள் எழும்பும் வரை, விளக்கு அணையும் வரை. முள் எழவே இல்லை என்றால் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீங்க. மறுபடி கழற்றுங்க, வாசலின் வைங்க. முள் எழுந்ததும் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. 500 கிலோ மீட்டர் ஓடினதும் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் வடித்து, வெயிலில் பிடித்துப் பாருங்க, எதுவும் மினுக்குதான்னு.